சங்கமித்ராவின் மீன் தட்டுகள்

வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாவது மாடியில் சங்கமித்ராவின் வீடு. அங்கே இருந்த ஒரே இரும்பு பீரோவில் அவளுடைய புடவைகளுக்கு இடம் இல்லை. அவை கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் கிடந்தன. பீரோவின் மேல் அடுக்குகள் முழுக்கப் பீங்கான் தட்டுகள். ஒன்றோடொன்று உரசிவிடாமல் இருக்க, கன்டெய்னர்களில் சாமான் சுற்றி வரும் மெல்லிய ஃபோம் தாளை வட்டமாக வெட்டி நடுநடுவே வைத்திருந்தாள்.

அவளுக்கு அந்தத் தாள் நிறையக் கிடைக்கும். மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். அங்கே வண்டி ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான். சேர்ந்த புதிதில் அவள் வண்டியை எடுக்கும்போதெல்லாம் ஆண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

தட்டு சேர்க்கும் பழக்கம் ராயபுரத்தில் ஆரம்பித்தது. மிக்ஸி ஜார் தேடி சௌக்கத் அலியின் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தாள். அலுமினியப் பாத்திரக் குவியலுக்கு அடியில் ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் பீங்கான் தட்டு. நடுவில் ஒரு மீன். வெள்ளி வயிறு, பச்சையும் நீலமும் கலந்த முதுகு. வால் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, அந்தக் கணத்தில் யாரோ தண்ணீரைத் தட்டிக் கலைத்துவிட்டதுபோல. விளிம்பைச் சுற்றிக் கடல்பாசி. அதற்கு வெளியே தேய்ந்துபோன தங்கக் கோடு.

"இன்னா பாய் இது?" என்று கேட்டாள்.

"கப்பல்ல சமையல் பாத்தவரு வூட்டு சாமான் தங்கச்சி. ஆண்ட்ரூன்னு ஒருத்தரு. புள்ளைங்க ஆஸ்திரேலியாவுக்கு இட்டுகினு பூட்டாங்க. ஜோடியா இன்னொண்ணு கீது, பாரு."

இன்னொன்றில் வேறு மீன். ஆனால் அதே விளிம்பு, அதே பாசி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாசியின் இலைகள் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் நெருக்கமாக, இன்னொன்றில் விலகி. விரலை வைத்துத் தடவினாள். தூரிகை திரும்பிய இடத்தில் நிறம் கொஞ்சம் தடித்து நின்றது.

"ரெண்டும் வேற வேறயா கீதே பாய்."

"மிஷின்ல போட்டா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இது ஆளு குந்தி கையால போட்டது. அப்புடித்தான் இருக்கும்."

அன்றைக்கு அவள் மிக்ஸி ஜார் வாங்கவில்லை.

அந்த வரிசையில் மொத்தம் ஒரு டஜன் தட்டு இருந்தது, கையில் இருந்ததை எல்லாம் ஆளாளுக்கு விற்றுவிட்டேன் என்று சௌக்கத் அலி சொன்னார். சங்கமித்ரா விடவில்லை. யார் யார் வாங்கினார்கள் என்று அவர் நினைவில் இருந்ததைக் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தாள். திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் சில்லறை போடும் தட்டாக ஒன்று இருந்தது. எர்ணாவூரில் ஒரு வீட்டில் பூச்செடித் தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது இன்னொன்று. அந்த வீட்டுக்காரம்மா சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இவள் மறுநாள் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். சில வருடங்களில் பதினொன்று சேர்ந்துவிட்டன. பன்னிரண்டாவதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இடையில் ரோஜா போட்ட கோப்பைகள், நாரை பறக்கும் ஜப்பான் கிண்ணங்கள் என்று வேறு சிலவும் வந்தன. ஆனாலும் மீன் தட்டுகள்தான் அவளுக்கு உயிர்.

அவளுடைய அம்மா பச்சையம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"எவன் எவன் துன்ன எச்சித் தட்டோ. காசக் குடுத்து வாங்கியாந்து பீரோவுல பூட்டி வெக்கிறா பாரு."

"ஓட்டல்ல துன்றியே, அந்தத் தட்டுல யாரு துன்னாங்கன்னு கேட்டியா?"

"வக்கணையா பேசு. ஆனா கய்வுறதுக்கு என்னைக் கூப்புடாத. வூட்டு வேலைக்குப் போன எடத்துல இந்த மாதிரி தட்ட வருசக்கணக்கா கய்விகினு இருந்தேன். ஒருத்தரும் அதுல ஒரு வாய் சோறு போட்டதில்ல. எனக்குன்னு பின்பக்கம் ஒரு நசுங்குன அலுமினியத் தட்டு வெச்சிருந்தாங்க."

பச்சையம்மா அதைக் கோபத்தோடும் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு சங்கமித்ரா ஒரு முடிவு எடுத்தாள். வாங்குகிற தட்டில் சாப்பிட வேண்டும், சும்மா பார்ப்பதற்கு வாங்கக் கூடாது. ஞாயிறு மதியம் மீன் குழம்பு என்றால் மீன் தட்டுதான். எண்ணூரில் வெல்டிங் வேலை பார்க்கும் அவள் கணவன் அன்பரசனுக்கு முதலில் கை கூசியது. கொஞ்ச நாளில், குழம்பை வழித்துச் சாப்பிடச் சாப்பிட அடியிலிருந்து மீன் தெரிவதை அவனே ரசிக்க ஆரம்பித்தான்.

பழம்பொருள் சேர்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தட்டுகளின் படங்களை அவள் போட்டாள். இரண்டு நாளில் ஒரு பெண்மணி அழைத்தார். பெயர் வசுமதி. ஆழ்வார்பேட்டையில் இருந்தார். சேகரிப்பாளர் சங்கம் ஒன்றின் செயலாளர்.

"உங்க ஃபிஷ் பிளேட்ஸ் பாத்தேன். என்கிட்ட அந்த செட்டோட பெரிய தட்டு இருக்கு. மீனை முழுசா வச்சுப் பரிமாறற நீளத் தட்டு. அடுத்த மாசம் நாங்க ஒரு கண்காட்சி வைக்கறோம். ரெண்டையும் ஒரே மேஜையில வச்சா எவ்வளவு நன்னா இருக்கும், யோசிச்சுப் பாருங்க."

நீளத் தட்டு என்று ஒன்று இருப்பதே சங்கமித்ராவுக்கு அப்போதுதான் தெரியும். "கண்டிப்பா கொண்டு வரேன் மேடம்," என்றாள், ஒவ்வொரு சொல்லையும் கவனமாக உச்சரித்து.

கண்காட்சி அன்று சங்கமித்ரா, அன்பரசன், பச்சையம்மா மூன்று பேருமே கிளம்பினார்கள். பச்சையம்மா நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பக்கத்து பிளாக்கில் இருப்பவரின் ஆட்டோவில், தட்டுகள் வைத்த அட்டைப்பெட்டி சங்கமித்ராவின் மடியிலேயே வந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குளிரூட்டிய மண்டபம். நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. அதன்மேல் அந்த நீளத் தட்டு. ஒரு முழங்கைக்கு மேல் நீளம். பெரிய மீன் ஒன்று அதை நிரப்பிக்கொண்டு கிடந்தது. சங்கமித்ரா தன் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிலும் வைத்தாள். வைத்து முடித்துவிட்டு நீளத் தட்டின் விளிம்பைக் குனிந்து பார்த்தாள். பாசியின் கடைசி இலை எல்லாத் தட்டிலும் எப்படி இடப்பக்கம் சாய்ந்திருக்குமோ அப்படியே இதிலும் சாய்ந்திருந்தது.

"அதே கைதான்யா," என்று அன்பரசனின் தோளைப் பிடித்தாள். "எல்லாத்தையும் ஒரே ஆளுதான் போட்டுகீறான்."

"கண்ணு கலங்குது பாரு உனக்கு," என்றான் அவன். அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அவள் அட்டைகளைப் படித்தாள். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு சிறிய அட்டை. வெள்ளி டீ செட்டுக்கு முன்னால் உரியவரின் பெயரும் கோபாலபுரம் என்ற ஊர்ப்பெயரும். கண்ணாடி ஜாடிகளுக்கு முன்னால் இன்னொரு பெயர், மயிலாப்பூர். நீளத் தட்டுக்கு முன்னால் 'வசுமதி, ஆழ்வார்பேட்டை. பாட்டனார் வழி வந்தது.' அவளுடைய தட்டுகளுக்கு முன்னால் 'தனியார் சேகரிப்பு, சென்னை' என்று மட்டும் இருந்தது.

பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்த வசுமதியிடம் போனாள்.

"மேடம், என் பேரு வரலையே."

"அது வழக்கமா போடறதுதாம்மா. பெரிய பெரிய மியூசியத்துலகூட அப்படித்தான் போடுவா."

"மத்த எல்லாருக்கும் பேரு இருக்கு."

வசுமதி அவளைத் தூண் ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கோ. வியாசர்பாடின்னு போட்டா வர்றவா ஒரு மாதிரி பேசுவா. இவ்வளவு நல்ல பீஸ் அங்க எப்படிப் போச்சுன்னு கேப்பா. உங்களுக்குத்தான் சங்கடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கேட்டா சொல்றேன் மேடம். கடையில வாங்கி பஸ்ல எடுத்துட்டுப் போனேன்."

"பில் ஏதாவது இருக்கா?"

"உங்க பெரிய தட்டுக்கு இருக்கா?"

"அது எங்க தாத்தா காலத்துலேருந்து ஆத்துல இருக்கு."

"அவரு எப்படி வாங்குனாருன்னு யாராவது கேப்பாங்களா?"

வசுமதி வளையலைத் திருகிக்கொண்டே வேறு விதமாக ஆரம்பித்தார். "எங்க தலைவர் உங்க பதினொண்ணையும் மொத்தமா வாங்கிக்கத் தயாரா இருக்கார். கண்ணாடி அலமாரியில வச்சுப் பாத்துப்பார். அங்க வச்சுண்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க? என்னைக்காவது உடைஞ்சுதான் போகும்."

"அதுல சோறு துன்றோம் மேடம்," என்றாள் சங்கமித்ரா.

வேலை தேடிய நாட்களில் தோழிகள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று உண்டு. விலாசம் கேட்டால் பெரம்பூர் என்று போட்டுக்கொள். பக்கத்துலதானே, யாருக்குத் தெரியப்போகிறது. அவளும் அப்படிப் போட்டிருக்கிறாள். நேர்காணலில் பெரம்பூரில் எந்தத் தெரு என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கிடங்கு வேலைக்குப் போனபோதுதான் சலித்துப்போய் உண்மையை எழுதினாள். அந்தப் பயம் இப்போது மறுபடியும் நினைவுக்கு வந்தது. இந்த முறை அது அவளைக் கோபப்படுத்தியது.

மேஜைக்குப் போனாள். முதல் தட்டை எடுத்து ஃபோம் தாளில் சுற்றினாள்.

"மா, பெட்டிய எடுத்துகினு வா."

பச்சையம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், பெட்டியை எடுத்து வந்தாள். வாசலில் கார்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. வசுமதி பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இப்போ எடுத்தா மேஜை காலியா இருக்குமே. இன்விடேஷன்லயே இந்த செட்டோட படம்தான் போட்டிருக்கோம்."

"காலியா இருந்தா காலியா இருக்கட்டும். 'தனியார்'னு அட்டை கீது இல்ல, அத்த வெச்சிக்கோங்க."

இனி எந்தச் சொல்லையும் பார்த்துப் பார்த்துப் பேச அவளுக்கு மனமில்லை.

பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது காவலாளி கையை நீட்டி மறித்தான். "உள்ள இருந்து சாமான் எதுவும் வெளிய போகக்கூடாதும்மா. பெட்டியில என்ன?"

பட்டும் மல்லிகையுமாக உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் கைபேசியை உயர்த்தினார். அன்பரசன் முன்னால் போகப் பார்த்தான். சங்கமித்ரா அவனைக் கையால் நிறுத்தினாள். பெட்டியை வழியின் நடுவிலேயே இறக்கி வைத்தாள்.

"சரி நைனா. நீ உன் வேலையப் பாக்குற. மேடத்தக் கூப்புடு. அவங்க வந்து சொல்லட்டும்."

வசுமதி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "விடுப்பா. அவாளோடதுதான்."

காவலாளி விலகினான். சங்கமித்ரா பெட்டியைத் தூக்கவில்லை.

"அவங்கன்னா யாரு மேடம்?"

"சங்கமித்ரா, ப்ளீஸ். கெஸ்ட் எல்லாம் வந்துண்டிருக்கா."

"நான் வேல பாக்குற யார்டுல ஒரு பொட்டி வெளிய போவணும்னா பேரு வோணும், ஊரு வோணும். சும்மா அவங்க இவங்கன்னா உட மாட்டாங்க. அந்த அண்ணனும் அப்புடித்தான் கேக்கணும். யாரோட தட்டுன்னு சொல்லுங்க."

"சங்கமித்ராவோடது."

"எந்த ஊரு சங்கமித்ரா?"

வசுமதி சுற்றிலும் பார்த்தார். யாரும் நகர்வதாக இல்லை. "வியாசர்பாடி," என்றார்.

"அந்த அண்ணனுக்குக் கேக்கல மேடம்."

"வியாசர்பாடி சங்கமித்ராவோட தட்டு," என்றார் வசுமதி. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

"இப்ப போலாம்," என்று பச்சையம்மா பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

ஆட்டோவில் சங்கமித்ரா பெட்டியை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் மனம் ஆறவில்லை. அந்த நீளத் தட்டை இனிமேல் பார்க்கவே முடியாது என்ற எண்ணம் வேறு உறுத்தியது.

சென்ட்ரல் தாண்டியதும் பச்சையம்மா அவள் பக்கம் திரும்பினாள். "நேரா கொண்டுபோயி பீரோவுல வெக்காதடி. அவ வெக்கலன்னா இன்னா, நம்ம படிப்பகத்துல வெய்யி. பேரு போட்டு வெய்யி. எல்லாரும் வந்து பாக்கட்டும்."

"பாத்தா போதாது அத்த," என்றான் அன்பரசன். "துன்னணும்."

குடியிருப்பின் நடுவே அம்பேத்கர் படிப்பகம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பீம்ராவ் உற்சாகமாகிவிட்டான். செய்தித்தாள் மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டான். தட்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் அட்டை வைத்தான். எல்லா அட்டையிலும் ஒரே வரி, தடித்த எழுத்தில்: 'சங்கமித்ரா, வியாசர்பாடி.'

"ஒண்ணு போதாதாடா?" என்று சங்கமித்ரா சிரித்தாள்.

"ஒண்ண அவங்க மறந்துட்டாங்க இல்லக்கா, அதுக்கும் சேத்து," என்றான்.

ஞாயிறு காலையிலிருந்து கூட்டம். ராயபுரத்திலிருந்து சௌக்கத் அலி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தட்டுகளைத் தாமே வரைந்ததுபோல் எல்லோருக்கும் காட்டினார். காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து அந்தக் குடியிருப்பில் விற்கும் சீனியம்மாள் அன்று வஞ்சிரமும் கொடுவாவும் கொண்டுவந்திருந்தாள். கூடையை இறக்கிவிட்டு மேஜையைச் சுற்றி வந்தாள்.

"இது கொடுவா," என்றாள்.

"போ எக்கா, மூஞ்சி மடவ மாதிரி கீது," என்றான் அன்பரசன்.

"வெள்ளைக்காரன் ஊரு மீனு. நம்ம மீனு இல்ல," என்றார் சௌக்கத் அலி.

"எந்த ஊரு மீனா இருந்தா இன்னா, கொயம்பு வெச்சா ஒண்ணுதான்," என்று சீனியம்மாள் முடித்துவைத்தாள்.

மதியம் அட்டைகளை எடுத்துவிட்டு அதே தட்டுகளில் சோறு போட்டார்கள். வறுத்த வஞ்சிரம், குழம்பு. பதினொரு பேர் ஒரு பந்தி. அவர்கள் எழுந்ததும் தட்டைக் கழுவி அடுத்த பந்தி. முதல் பந்தியில் முதல் ஆளாகப் பச்சையம்மாவை உட்கார வைத்தார்கள். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினாள். சாப்பிட்ட தட்டை அன்பரசன் வந்து எடுத்துப் போனபோது அவள் தடுக்கவில்லை.

மூன்றாவது பந்தி முடிந்ததும்தான் அது நடந்தது. குழாயடியில் பீம்ராவ் தட்டுகளை அலம்பிக்கொண்டிருந்தான். சோப்பு நுரையில் ஒன்று நழுவியது. சிமென்ட் தரையில் பட்ட சத்தம் சின்னதுதான். ஆனால் படிப்பகம் முழுக்க அமைதியாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். பீம்ராவ் ஈரக் கையோடு நின்றான்.

"எக்கா," என்றான்.

சங்கமித்ரா குந்தி உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினாள். டீக்கடையில் கண்டெடுத்த தட்டு அது. மீனின் தலை ஒரு துண்டில், வால் இன்னொரு துண்டில். என்னைக்காவது உடைஞ்சுதான் போகும் என்று வசுமதி சொன்னது காதில் கேட்டது. இந்த நேரத்தில் அவர் இங்கே இருந்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பார் என்றும் தோன்றியது. சுற்றிலும் நின்றவர்களை நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள்போல் முகத்தை வைத்திருந்தார்கள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாத்துக்கு இப்புடி நிக்கிறீங்க? யாரு வூட்டுத் தட்டு? நம்ம வூட்டுத் தட்டு. சோறு துன்னா ஒடையத்தான் செய்யும். ஆழ்வார்பேட்டையில ஒடையாதா?" என்றாள். "டேய் பீமு, அழுதுகினு நிக்காத. கையில கிழிச்சிக்கினியா பாரு. மீதிய அலம்பு. இன்னும் எவ்ளோ பேரு துன்னணும்."

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. சீனியம்மாள் யாரையோ நகர்ந்து உட்காரச் சொன்னாள். அடுத்த பந்தியில் பத்துப் பேர் மீன் தட்டிலும் ஒருவர் எவர்சில்வர் தட்டிலும் சாப்பிட்டார்கள். எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டவள் சங்கமித்ரா.

யாரோ எடுத்த படங்கள் அந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போயின. குழம்பு தேங்கிய தட்டுகளைப் பார்த்துச் சிலர் கொதித்தார்கள். கலைப்பொருளின் அருமை தெரியாதவர்கள் என்று ஒருவர் எழுதினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே பேச்சு ஓடியது. சங்கமித்ரா யாருக்கும் பதில் போடவில்லை, குழுவை விட்டும் விலகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டுத் தட்டின் படத்தைப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து வசுமதி அழைத்தார். கிடங்கில் மதிய உணவு நேரம். வண்டியின் இருக்கையில் இருந்தபடியே எடுத்தாள்.

"அன்னைக்கு நடந்ததுல எனக்கு ரொம்ப வருத்தம்," என்றார் வசுமதி. பிறகு தயங்கித் தயங்கி, "அந்த செட்டை மேஜையில சேத்துப் பாத்தேன் இல்லையா, அது கண்ணுலயே நிக்கறது. தனியா இந்த ஒரு தட்டை வச்சுண்டு பாக்கவே பிடிக்கலை. ஒரு தடவை நம்மாத்துக்கு எடுத்துண்டு வர முடியுமா? பேர் போட்டே வைக்கறேன். ஊரும் போடறேன்."

சங்கமித்ராவுக்கும் அந்த நீளத் தட்டு கண்ணில் நின்றது. சாய்ந்த கடைசி இலை நின்றது. அதை அவள் மறைக்கவில்லை.

"எனக்கும் பாக்கணும்தான் மேடம். ஆனா நாங்க ஒரு தபா வந்துட்டோம். இந்தத் தபா நீங்க வாங்க. பெரிய தட்டையும் எடுத்துகினு வாங்க. முழு மீனா வறுத்து அதுல வெக்கிறோம். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது."

"பத்திரமா இருக்குமா?" என்று கேட்டார் வசுமதி.

"சொல்ல முடியாது மேடம். எங்களுது ஒண்ணு ஒடஞ்சிடுச்சி. உங்களுதும் ஒடைஞ்சாலும் ஒடையும். அத்த யோசிச்சிட்டு வாங்க."

யோசிக்கிறேன் என்றார் அவர். சங்கமித்ரா வீட்டு விலாசத்தைக் கதவு எண் முதல் முழுமையாகத் தட்டச்சு செய்து அனுப்பினாள். ஊர்ப்பெயரைத் தனி வரியில் போட்டாள். பிறகு கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.